இருபத்திரண்டு பேரும் ஒரு மார்கழி ஞாயிறும்

அன்னபுஷ்பம் அத்தை மீட்டரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பென்னலூரில் எங்கள் வீட்டு வாசலில் "ஈபி" என்று ஒரு குரல் கேட்கும். உள்ளே வருவார். தோளில் கிடக்கும் சின்னத் துண்டால் மீட்டர் கண்ணாடியைத் துடைப்பார். எண்ணைப் பார்த்து எழுதுவார், அட்டையிலும் குறிப்பார். பிறகு "வர்றேன்" என்பார். அந்த "வர்றேன்" எங்களில் யாரையும் பார்த்துச் சொல்வது இல்லை. மீட்டரின் முகத்தைப் பார்த்துச் சொல்வது. சமையலறையிலிருந்து என் அம்மா, மீட்டருக்குப் பதிலாக, "போயிட்டு வா அண்ணி" என்பார்.

அண்ணி, அத்தை என்பதெல்லாம் ஒரே பங்குக் கோயில் என்பதால் வந்த உறவு. நான் பட்டம் வாங்கியபோது வீட்டில் பிரியாணி போட்டார்கள். அத்தையும் வந்து சாப்பிட்டார். கிளம்பும்போது என் கன்னத்தைத் தட்டி "நல்லா இரு" என்றவர், கதவுக்கு மேலே இருந்த மீட்டரை ஒரு பார்வை பார்த்து மெதுவாக "வர்றேன்" என்றார். கையில் நோட்டு இல்லை, அன்று ரீடிங் நாளும் இல்லை.

அவருடைய கணவர் லைன்மேனாக இருந்தார். மஞ்சள் காமாலையில் இறந்தபோது அத்தைக்கு இருபத்தாறு வயது. வாரிசு வேலை கிடைத்தது. எங்கள் பென்னலூரோடு ஸ்ரீபெரும்புதூர் பழைய ஊருக்குள் இருக்கும் தெருக்களும் அவர் பொறுப்பில் வந்தன. சைக்கிள் ஓட்டத் தெரியாததால் முதல் மாதம் நடந்தே போனார். கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தவர் பிறகு அதை மறந்துவிட்டார். இருபத்து மூன்று வருடம் நடந்திருக்கிறார். பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள வீடுகளில் எந்த வீட்டுக்குள் எத்தனை கட்டு, எந்த நாய் கடிக்கும், எந்த நாய் கடிப்பதுபோல நடிக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

நான் பி.ஏ. வரலாறு படித்தேன். எங்கள் வீட்டில் அதுதான் முதல் பட்டம். அரசுத் தேர்வுகள் எழுதிக்கொண்டே, இப்போதைக்கு என்று சொல்லி ஒரு பெண்கள் ஹாஸ்டல் அலுவலகத்தில் சேர்ந்தேன். அந்த "இப்போதைக்கு" மூன்றாவது வருடத்தில் இருந்தது. ஹாஸ்டலில் நூற்று நாற்பது பெண்கள். பெரும்பாலும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம். ஒரகடம் சாலையில் செல்போன் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. பஸ் ஹாஸ்டல் கேட்டில் ஏற்றும், அதே கேட்டில் இறக்கும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நவம்பர் மாதம், அத்தை ஹாஸ்டல் மாடிப்படிக்குக் கீழே வரிசையாக இருக்கும் ஆறு மீட்டரையும் பார்த்துக்கொண்டிருந்தார். துணி உலர்த்தப் போய்க்கொண்டிருந்த மாரிசெல்வி வாளியுடன் நின்றாள்.

"யக்கா, இது எந்த ஊரு?"

அத்தை எழுதுவதை நிறுத்தினார். "இன்னாது?"

"எங்கம்மா பார்சல் போடணுங்கா. இங்க சிலபேரு ஒரகடம்ங்காவ. பஸ்ல வேற பேரு போட்டிருக்கு. எதை எழுதச் சொல்ல?"

"நீ வந்து எத்தினி மாசம் ஆவுது?"

"எட்டு மாசம்க்கா."

"எட்டு மாசமா இன்னா ஊருன்னே தெரியாமதான் துன்னுகினு தூங்கிகினு கீறியா?"

"தின்னதுக்கும் தூங்கதுக்கும் ஊரு பேரு எதுக்குக்கா?"

அத்தை சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு நேராக என் மேசைக்கு வந்தார். "பெனிட்டா, ஞாயித்துக்கெழம காலைல இதுங்கள ஒரு ரவுண்டு கூட்டினு போவணும். பனி கீற வரைக்கும்தான் முடியும். மாசி பொறந்தா எட்டு மணிக்கே தார் ரோடு சுடும். தெரு நல்லா கீறது இப்போதான்."

வார்டன் கங்கா மேடம் முதலில் மறுத்தார். அவர் கொடுமைக்காரர் இல்லை. நூற்று நாற்பது வீட்டுப் பெற்றோரும் அவருடைய ஒரே போனுக்குத்தான் கூப்பிடுவார்கள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். ஒரு நடைக்கு இருபத்திரண்டு பேர். ஒன்பதரைக்குள் அத்தனை பேரும் கேட்டுக்குள் இருக்க வேண்டும். "ஒரு ஆள் குறைஞ்சாலும் அதோட சரி. அப்புறம் யாரும் கேட்கக் கூடாது." வெளியே போகிறவர்களையும் திரும்புகிறவர்களையும் பதிவேட்டில் எழுதுவது என் வேலை.

முதல் ஞாயிறுக்கு நான் ஆறு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். உடையவர் பிறந்த ஊர், கோயில், குளம், வருடங்கள், ஆட்சி செய்தவர்கள். தேரடியில் நின்று இரண்டாவது பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் தேர்ச் சக்கரத்தில் சாய்ந்து நின்றபடியே தூங்கிப்போயிருந்தாள். மூன்று வருடம் படித்து வாங்கியது இதுதானா என்று அப்போது நினைத்தேன். தப்பு வரலாற்றில் இல்லை என்று பிறகு புரிந்தது. நான் அதைத் தேர்வு எழுதுவதுபோலவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அத்தை என் தாளை வாங்கி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். மாட வீதியில் ஒரு நீண்ட ஓட்டு வீட்டின் எதிரே போய் நின்றார்.

"இந்த வூட்ல நான் வேலைக்கு வந்தப்போ மீட்டர் ஒண்ணு. அண்ணன் தம்பி பிரிஞ்சாங்க, மூணு ஆச்சு. பின்னால கம்பெனிங்க வந்துச்சு, உங்கள மாதிரி புள்ளைங்க வாடகைக்கு வந்துச்சு. இப்போ எத்தினின்னு நெனைக்கிறீங்க?"

"அஞ்சு."

"எட்டு."

"பதினொண்ணு," என்றார் அத்தை. "நெல்லு கொட்டி வெச்ச ரூம்புல இப்போ நாலு பேரு படுக்கிறானுங்க. வாசக்கால் மட்டும் அதேதான். நாங்க உள்ள போறப்போ குனிஞ்சுதான் போவணும். இந்த வூட்டுக்கு யாரா இருந்தாலும் கும்பிடு போட்டுதான் நுழையணும், ஆபீசரா இருந்தாலும்."

பெண்கள் ஒருவர் பின் ஒருவராக அந்த வாசல் உயரத்தைத் தங்கள் தலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தூங்கிய பெண்தான் முதலில் பார்த்தாள்.

அன்றிலிருந்து அவர்தான் பேசினார். நான் எண்ணிக்கை பார்த்துக்கொண்டேன். யாராவது வருடம் கேட்டால் மட்டும் என் பக்கம் கையைக் காட்டுவார். அவருக்கு ஒரு சட்டம் உண்டு. வீட்டுக்குள் பார்த்ததை வெளியே சொல்ல மாட்டார். யார் வீட்டில் ஏசி, யார் எவ்வளவு ஓட்டினார்கள் என்று யாராவது ஒருத்தி துருவித் துருவிக் கேட்பாள். "அது எனக்கும் மீட்டருக்கும் நடுவுல கீது" என்று முடித்துவிடுவார். வெளியே இருப்பதை மட்டும் சத்தமாகச் சொல்வார். தூணில் செதுக்கிய கிளி, யாரோ ஆணி அடித்து அதில் மாட்டிய செருப்பு ஸ்டாண்டு, சுண்ணாம்பு உதிர்ந்த சத்திரத்துச் சுவரில் தெரியும் தட்டைச் செங்கல், குளத்துப் படிக்கட்டில் பாசிக் கோடு எந்தப் படி வரை இருக்கிறது, அந்த அளவுக்குக் குளம் எந்த வருடம் நிரம்பியது என்பது.

மார்கழி என்பதால் தெருவே விழித்திருக்கும். கோயில் ஒலிபெருக்கியில் பாசுரம் ஓடும். கோலம் போடுகிறவர்கள் எங்களைத் தாண்டவிடாமல் ஓரமாகப் போகச் சொல்வார்கள். தென்பகுதிப் பெண்கள் சும்மா போவார்களா? "இந்தப் புள்ளி தப்பால்லா இருக்கு" என்று ஒருத்தி சொல்ல, "வந்து நீயே போடு, பார்க்கலாம்" என்று கோலமாவுக் கிண்ணத்தை நீட்டிவிட்டார் ஒரு வீட்டம்மா. அவள் உட்கார்ந்து போட்டாள். பதினைந்து நிமிடம் போனது. அத்தை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஆனாலும் அவளை முடிக்க விட்டார்.

"இன்னா அன்னபுஷ்பம், கட்சி ஊர்வலமா?" என்பார் பூக்கடைக்காரர்.

"ஆமாய்யா. சீட்டு குடுத்தா நிக்கறேன்."

ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் பதிலாகச் சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்கு மாறிக்கொண்டார். பங்குச் சாமியார் கேட்டார்: "பெருமாள் கோயிலுக்கு ஆள் சேர்க்கறியாமே அன்னபுஷ்பம்?" அத்தை, "நான் கோயில் காட்டல சாமி, தெருதான் காட்டறேன். நீங்களும் ஒருநாள் வாங்க, உங்களுக்கும் தொப்பை கொறையும்" என்றார். கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிறன்று வீட்டில் சுட்ட கல்கல் இனிப்பை ஒரு தூக்கு நிறையக் கொண்டுவந்து குளக்கரையில் எல்லோருக்கும் கொடுத்தார்.

போகிக்கு முந்தைய ஞாயிறு அந்தக் குளிர்காலத்தின் கடைசி நடை. மாரிசெல்வியின் கூட்டத்துக்கு ஒவ்வொரு வாரமும் ஷிப்ட் இடித்து ஒரு நடைகூடக் கிடைக்கவில்லை. அந்த வாரமும் அவர்களுக்கு மூன்றாம் ஷிப்ட், காலை ஆறு மணிக்குத்தான் முடியும். தூக்கமில்லாமல் எப்படி நடப்பீர்கள் என்று கங்கா மேடம் யோசித்தார். "எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே வேலை பாக்கோம் மேடம், ரெண்டு மணி நேரம் நடக்க மாட்டமா?" என்றாள் மாரிசெல்வி. மேடம் ஒப்புக்கொண்டார். நிபந்தனையை இன்னொரு முறை சொன்னார்.

ஆறு இருபதுக்குப் பஸ் வந்தது. சாம்பல் நிறக் கம்பெனிக் கோட்டோடு இருபத்திரண்டு பேரும் இறங்கிக் கீழேயே நின்றார்கள். "மேல போனா கட்டிலைப் பார்த்துருவோம். இப்படியே போயிருவோம்க்கா" என்றாள் அந்தக் கூட்டத்தில் இருந்த கவியா. கம்பெனிக்குள் போன் அனுமதி இல்லை என்பதால் அவர்களுடைய போன்களெல்லாம் மேலே அறையில் இருந்தன. அதைப் பற்றி அப்போது யாரும் நினைக்கவில்லை.

நடை நன்றாகவே போனது. தூக்கம் கலையாத கண்களோடு வந்தவர்கள் குளத்துத் தண்ணீரில் முகம் கழுவியதும் பேச ஆரம்பித்தார்கள். மாரிசெல்வி ஒவ்வொரு தெருப்பெயரையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கோயில் பக்கத்து ஒரு மெஸ்ஸில் எல்லோரும் இலை நிறைய நெய்ப்பொங்கல் சாப்பிட்டார்கள். எட்டு இருபத்தைந்துக்குப் பெரிய ரோட்டு டீக்கடையில் நின்றோம். ஹாஸ்டலுக்குப் பத்து நிமிட நடைதான்.

டீ குடித்து முடித்ததும் எண்ணினேன். இருபத்தொன்று. மறுபடி எண்ணினேன். கவியாவை நடுவில் நிறுத்தி, அவளிடமிருந்து ஆரம்பித்து எண்ணினேன். இருபத்தொன்றுதான்.

"மாரிசெல்வி எங்க?"

பாத்ரூம் போயிருப்பாள் என்றார்கள். கடைக்குப் பின்னால் பார்த்தோம், மெஸ்ஸுக்கு ஓடினோம், பூக்கடையில் கேட்டோம். இல்லை. மணி எட்டு ஐம்பது. நான் பதிவேட்டில் பெயர்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். அத்தை மட்டும் டீ மாஸ்டரிடம் போய், "நாங்க வந்து நின்னப்புறம் எந்த வண்டியாவது இங்க நின்னுச்சா?" என்று கேட்டார்.

"கம்பெனி பஸ் ஒண்ணு நின்னுச்சு. ஆறாம் ரூட்டு."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கவியாதான் சொன்னாள்: "யக்கா, வயிறு நிறைஞ்சு தூக்கம் வந்துச்சுன்னா அவ காலு தானா பஸ்ல ஏறிரும். முன்னாலயே ஒருதரம் வேற ரூட்டு பஸ்ல ஏறியிருக்கா. எங்க எல்லாருக்குமே அப்படித்தான். வெள்ளை பஸ் கதவைத் திறந்தா ஏறணும்னுதான் தோணும்."

அது வேறொரு கம்பெனியின் பஸ், பகல் ஷிப்ட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஒரகடம் போவது. பென்சன் என்ற அத்தையின் தம்பி, பஸ் காண்ட்ராக்டரின் அலுவலகத்தில் வேலை செய்கிறார். அத்தை உடனே அவருக்குப் போன் போட்டார். ஆறாம் ரூட்டு டிரைவர் பெயர் இசக்கி, ஆனால் அவர் ஓட்டும்போது போன் எடுக்க மாட்டார் என்று சொல்லி நம்பரைக் கொடுத்தார் பென்சன். அத்தை அடித்துப் பார்த்தார், எடுக்கவில்லை. "எடுக்காம ஓட்டறது நல்லதுதான், ஆனா இன்னைக்குன்னு பார்த்து..." என்று அத்தை முணுமுணுத்தார். ஒன்பது மணிக்கு, ஒரகடத்தில் எல்லோரையும் இறக்கிய பிறகு, இசக்கியே கூப்பிட்டார். அத்தை ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"ஆமாம்மா, நாலாவது சீட்டுல ஒரு பிள்ள தலையைச் சாய்ச்சுத் தூங்குது. எங்க கம்பெனிக் கோட்டு இல்லையேன்னுதான் பாத்துக்கிட்டு நிக்கேன். திருநவேலிப் பிள்ளையா?"

"ஆமாய்யா. ஒம்பதரைக்கு அது ஹாஸ்டல் கேட்டுக்குள்ள இருக்கணும். இல்லன்னா இந்தப் பொண்ணுங்க யாரும் இனிமே ஞாயித்துக்கெழம வெளியவே வர முடியாது."

வண்டியைப் பதினொரு மணி வரை கம்பெனி ஷெட்டில் நிறுத்த வேண்டும் என்று பென்சன் பிறகு சொன்னார். "வாரேன்," என்றார் இசக்கி. "எழுப்பலை. தூங்கட்டும்."

ஒன்பது இருபதுக்கு நாங்கள் ஹாஸ்டல் தெரு முனையில் நின்றோம். பஸ் இன்னும் வரவில்லை. கவியா குரலைத் தாழ்த்தி, "யக்கா, எல்லாருக்கும் ஒரே கோட்டு. நான் உள்ள போயி, வண்டி ஷெட்டு வழியா வெளிய வந்து, மறுபடி உள்ள வாரேன். இருபத்திரண்டு ஆயிரும்லா?" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதிவேடு என் கையில்தான் இருந்தது. உண்மையைச் சொல்வதென்றால், எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. எழுதுவதற்கு எனக்கு இரண்டு நொடி போதும். யாருக்கும் நஷ்டம் இல்லை.

"பூட்டின வூட்டுக்கு நான் ஒருநாளும் ரீடிங் போட்டதில்ல," என்றார் அத்தை. "கதவு தெறக்கலைன்னா தெறக்கலைன்னு எழுதுவேன். உள்ள ஓடாதத ஓடிச்சுன்னு எழுத மாட்டேன். இப்போ பொண்ணு விஷயத்துல எழுதுவனா? வாங்க."

அவர்தான் முதலில் கேட்டுக்குள் போனார். கங்கா மேடம் படியில் நின்றிருந்தார்.

"எத்தனை பேர்?"

"இருவத்தொண்ணு."

"இன்னொருத்தி?"

"தூங்கிகினே ஒரகடம் போயிட்ச்சு. திரும்பி வந்துகினு கீது."

மேடம் என்னைப் பார்த்தார், நான் பதிவேட்டைப் பார்த்தேன். "நான் என்ன சொன்னேன் அன்னபுஷ்பம்?"

"ஒரு ஆள் கொறைஞ்சா அதோட சரின்னு சொன்னீங்க. ஒம்பதரைன்னும் சொன்னீங்க. அது இன்னும் ஆவல."

மேடம் திரும்பிப் பார்த்தார். உள்ளே சுவர்க் கடிகாரம் ஒன்பது இருபத்தெட்டு காட்டியது. இருபத்தொரு பேரும் படுக்கப் போகாமல் கேட்டருகே கும்பலாக நின்றார்கள். ஒன்பதரை ஆனது. ஒன்பது முப்பத்தொன்று ஆனது. ஒருத்தி மெல்ல அழ ஆரம்பித்தாள். அத்தை கைகளைக் கட்டிக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பத்து மூன்றுக்கு ஹார்ன் கேட்டது. ஐம்பது பேர் உட்காரும் பஸ் எங்கள் குறுகலான தெருவுக்குள் ஒரே ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு நுழைந்தது. டிரான்ஸ்பார்மர் முனையில் திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போனது. அத்தை ஓடிப்போய், "லெப்ட்ல ஒடி, இன்னும் ஒடி, வா, வா" என்று கை காட்டினார். கதவு திறந்தது. மாரிசெல்வி கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினாள். எல்லோரும் கேட்டில் நிற்பதைப் பார்த்தாள்.

"டீ முடிஞ்சிட்டாக்கா?" என்று கேட்டாள்.

சிரிப்பு முதலில் கவியாவிடமிருந்து வந்தது. பிறகு அடக்க முடியவில்லை. அழுதுகொண்டிருந்தவளும் சிரித்தாள். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார். நாங்களும் பார்த்தோம். சிரிப்பு அடங்கியது.

"ஷிப்ட் பஸ்ஸுக்கு யாரும் லேட் ஆகக் கூடாதுன்னு அந்தக் கடிகாரத்தை அஞ்சு நிமிஷம் கூட்டி வெச்சது நான்தான்," என்றார் மேடம், யாரையும் பார்க்காமல். தன் போனை எடுத்து மணியைச் சரிபார்த்தார். "எழுதும்மா பெனிட்டா. இருபத்திரண்டு பேர். ஒன்பது இருபத்தொன்பது." மாடிப்படி ஏறப் போனவர் திரும்பினார். "அடுத்த வருஷம் மூணாம் ஷிப்ட் முடிச்சவங்க தூங்கி எழுந்து சாயங்காலம் போகட்டும். நானும் வர்றேன். இவங்களை எண்ணறதுக்கு ரெண்டு பேர் வேணும்."

நான் எழுதினேன். பார்த்துத்தான் எழுதினேன். அந்த வாரமே தேர்வுப் புத்தகங்களை மீண்டும் எடுத்தேன். ஆனால் ஞாயிறுகளை விடவில்லை. இரண்டும் ஒன்றாக முடியுமா என்று இன்னும் தெரியவில்லை.

அன்று எல்லோரும் மேலே போன பிறகும் இசக்கி பஸ்ஸின் படியில் உட்கார்ந்திருந்தார். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தை நன்றி சொல்லப் போனார்.

"நன்றியெல்லாம் வேண்டாம்மா," என்றார் அவர். "எட்டு வருசமா இந்த ஊரைச் சுத்துதேன். பெரிய ரோட்டை விட்டு உள்ள ஒரு தெரு எனக்குத் தெரியாது. இந்தப் பிள்ள வர்ற வழியெல்லாம் தூக்கத்துலயே தேரு, கிளி, குளம்னு ஒரே கதை. எனக்கும் ஒருநாள் காட்டுங்க."

"அடுத்த ஞாயிறே வாய்யா. உனக்கு மட்டும் தனியா காட்டறேன்."

அடுத்த ஞாயிறு அவருக்கு டூட்டி. எல்லா ஞாயிறும் டூட்டி. புதன்கிழமை லீவு, அன்று வேறு வண்டிக்கு மாற்று டிரைவராக, ஆக்டிங் போவார். அத்தைக்குப் புதன்கிழமை ரீடிங். அடுத்த குளிர்காலம் வந்தது, கங்கா மேடமும் எண்ண வந்தார், இசக்கியால் வர முடியவில்லை. போன வருடம் அத்தையை வாலாஜாபாத் பிரிவுக்கு மாற்றினார்கள். ஞாயிறு மட்டும் பஸ் பிடித்து வந்துவிடுகிறார். மாரிசெல்வி கம்பெனி மாறி மறைமலை நகர் போய்விட்டாள், அவளும் இரண்டு முறை வந்தாள்.

ஒரே ஒருமுறை, போன மார்கழியில், இசக்கி தேரடி ஓரமாகப் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். "இருபது நிமிசம் இருக்கும்மா." அத்தை எங்களையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு அவரைத் தெற்கு மாட வீதிக்குள் கூட்டிக்கொண்டு போனார். நான்காவது வீட்டு வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தபோது, வண்டியை எடுக்கச் சொல்லிப் போலீஸ்காரர் விசில் ஊதினார். இசக்கி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்.

நான்கு வீடு பார்த்திருக்கிறார். அந்தத் தெருவின் மீதியும், மற்ற மூன்று வீதிகளும், சத்திரமும், குளமும் அத்தை அவருக்கு இன்னும் காட்ட வேண்டியிருக்கிறது.